வேங்கையனோட வெளிப்பேரு

கால நகத்தாதீங்ணா, ஒரு நிமிசம். உங்க செருப்புக்குப் பக்கத்துல ஒண்ணு உருண்டு வந்துருச்சு. அதானுங்க, செவப்பா இருக்குதுல்ல, அதேதான். நெம்ப நன்றிங்ணா. இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு மடியில எதையும் வெச்சுக்க முடியறதில்ல.

பாசிமணி இல்லீங்ணா, பகடை. இருவது மொகம் இருக்குது, எண்ணிப் பாருங்க. தாயம் மாதிரித்தான், ஆனா தாயம் இல்ல. சூதும் இல்ல, காசே வெக்க மாட்டோம். ஒருத்தர் கதை சொல்லுவாரு, மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளா இருப்பாங்க. ஒருத்தர் வேட்டைக்காரன், ஒருத்தர் மந்திரவாதி, இப்படி. முன்னால ஒரு பள்ளம் வருது. தாண்டறியா? தாண்டறேன். அப்ப உருட்டு. பெரிய எண்ணு விழுந்தா தாண்டிட்ட, சின்ன எண்ணு விழுந்தா உள்ள போயிட்ட. அவ்வளவுதானுங்க ஆட்டம். எங்க ஆட்டத்துல கதை சொல்றவன் நான். ஏழு வருசமா.

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. பரவால்ல, சொல்லுங்க. கம்ப்யூட்டர் படிச்ச பசங்க வெளையாடறதாச்சேங்கறீங்க. எல்லாரும் அதேதான் சொல்றாங்க. சினிமால காட்டறாங்கல்ல, சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வெச்சு வழிச்சுச் சீவுன தலை, பொண்ணு எதுர்ல வந்தா நாக்கு ஒட்டிக்கும். படிப்ஸு, பழம், அம்மாஞ்சி. மனுசங்களோட பழகத் தெரியாதவன், அதனால அட்டையும் பகடையும் வெச்சுக்கிட்டு ஒரு மூலையில உக்காந்திருக்கறவன். எனக்கு அதக் கேட்டாலே பத்திக்கிட்டு வருமுங்ணா.

என்னயப் பாருங்க. பம்பு கம்பெனில தரம் பாக்கற வேலை. வாத்தெடுத்த இரும்ப ஒரு தட்டு தட்டுனா உள்ள ஓட்டை இருக்குதா இல்லையான்னு சொல்லிருவேன். கல்யாணமாயி ரண்டு கொழந்தைங்க. கண்ணாடி கிண்ணாடி ஒண்ணுங் கெடையாது. அப்பறம் ஜோஸ்பின் டீச்சர். பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சருங்க, கபடில பேரெடுத்தவங்க. அவங்க பிடிச்சாங்கன்னா நீங்களும் நானும் சேந்து இழுத்தாலும் நகர மாட்டாங்க. ரியாஸ் பாய் கல்யாண பிரியாணி மாஸ்டர், ஒரே அடுப்புல ஆயிரம் பேருக்கு ஆக்குவாரு. உக்கடத்துல அவரு பாத்திரக் குடோன் மாடியிலதான் எங்க ஆட்டம். கவுத்துப் போட்ட அண்டாதான் மேசை. இதுல எங்கீங்க இருக்குது படிப்ஸு?

போன வருசம் ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு. இந்த மாதிரி வெளையாடறவங்க நெசமாலுமே சினிமால காட்டற வகைதானான்னு ஆராய்ச்சி பண்ணுதாம். நாலு பக்கத்துக்குக் கேள்வி. வாரத்துல எத்தன நாள் வெளிய போவீங்க, கூட்டத்துல பேசக் கூச்சமா, நண்பர்கள் எத்தன பேரு. ஒரு கேள்வி, உங்க குழுவுல இருக்கறவங்கள உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரியும், பத்துக்கு எவ்வளவுன்னு. நாங்க நாலு பேரும் பத்துக்குப் பத்து போட்டோம். ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்காமப் போட்டோம், அதச் சொல்லணும். அந்தப் பொண்ணு ஒரு மாசம் கழிச்சு ஒரு தாள் அனுப்புச்சு. உங்கள்ல யாருமே அந்த அச்சுல வரலீங்க சார்னு. நான் அத லேமினேசன் பண்ணி குடோன்ல மாட்டி வெச்சேன். இன்னமும் தொங்குது. பாய்தான் கழட்டட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன்.

நாலு பேர்னேனுங்களா? மூணு பேரத்தான் சொல்லியிருக்கறேன். நாலாவது வேங்கையன்.

இந்தப் பகடை அவரோடதுதானுங்க.

வேங்கையன் மாதிரி ஒரு ஆள நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தடம் பாக்கறவரு. ஈர மண்ணுல காலடியப் பாத்து, போனவன் பசியில போனானா வயிறு நெறஞ்சு போனானான்னு சொல்லுவாரு. இருட்டுக் குகைன்னா மொதல்ல அவருதான் உள்ள போவாரு, நம்மளப் பின்னால விட்டுட்டு. ஒருக்கா பாலைவனத்துல ஏழு நாள், தண்ணி முடிஞ்சுருச்சு, தன் பங்க ஜோஸ்பின் டீச்சருக்குக் குடுத்துட்டு மயங்கி விழுந்தாரு. அவருக்குக் காது கேக்காத ஒரு பொண்ணு இருந்துச்சு. அத ஒரு கொயவன் வீட்டுல விட்டுட்டு நாடு நாடா அலையறாரு. அந்தப் புள்ளையப் பத்தி அவரு பேசுன அன்னிக்கு பாய் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. மனுசங்களோட பழகத் தெரியாதவங்களுக்கு இப்படி அழுகை வருமாங்ணா? நீங்களே சொல்லுங்க.

ஆமாங்க, ஆட்டத்துலதான். ஆட்டத்துல வர்ற ஆளு வேங்கையன். அந்த ஆளா உக்காந்திருந்தவரும் வேங்கையன்தான். எங்களுக்கு ரண்டும் ஒண்ணுதான்.

அதுக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க. அண்டாவச் சுத்தி உக்காந்தா வெளிப்பேரு கெடையாது. வெளி வேலை, வெளி வீடு, வெளிக் கஷ்டம், எதுவும் பேசக் கூடாது. பேசுனா ஆட்டத்துல உங்களுக்கு இருக்கற உசுர்ல ஒண்ணு கொறையும். பாயும் டீச்சரும் எனக்கு முந்தியே பழக்கம், அதனால அவங்க பேரு தெரியும். ஆனா அண்டாகிட்ட வந்தா அவங்களையும் ஆட்டப் பேரச் சொல்லித்தான் கூப்புடணும். நான் கதைக்காரன். அந்தக் காலேஜ் பொண்ணு தாள்ல பேருன்னு இருந்த எடத்துல கூட ஆட்டப் பேரத்தான் எழுதுனோம். எழுதச் சொன்னது நாந்தான். சட்டம் போட்டதும் நாந்தானுங்க. வெளி உலகத்த வாசல்லயே விட்டுட்டு வரணும், அப்பத்தான் கதை கூடும்னு.

அவரு வந்த மூணாவது வாரம். எல்லாரும் உக்காந்தாச்சு. அவரு எந்திரிச்சு நின்னு, கும்புட்டு, 'நான் யாருன்னே சொல்லல பாருங்க, என் பேரு...'ன்னு ஆரம்பிச்சாரு. நான் கையத் தூக்கிட்டேன். நிறுத்து வேங்கையா! ஒரு உசுரு போச்சு! எல்லாரும் சிரிச்சோம். அவருந்தான் சிரிச்சாரு. உக்காந்து, நோட்டுல பென்சில்ல இருவத்தி நாலுங்கறத அழிச்சுட்டு இருவத்தி மூணுன்னு எழுதுனாரு. அதுக்கப்பறம் நாலு வருசம், அவரு அதப் பத்திப் பேச்சே எடுக்கல.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க, ஒரு வாய்.

அந்த ஞாயித்துக்கெழமை மூணு மணி ஆச்சு, மூணரை ஆச்சு, வேங்கையன் வரல. போன் பண்ணுனா அணைஞ்சு கெடக்குது. வராதவங்க ஆளக் கதைக்காரன் நடத்தணும், பகடைய பக்கத்துல இருக்கறவங்க உருட்டணும், அதுவும் எங்க சட்டம். அவரோட பகடை டப்பா குடோன்லயேதான் இருக்கும். சரின்னு ஆரம்பிச்சோம். நாலரைக்கு ஒரு தொங்கு பாலம். கயிறு அறுந்துருச்சு. மத்தவங்க தாண்டிட்டாங்க, வேங்கையன் மட்டும் ஒத்தக் கையில தொங்கிட்டு இருக்கறாரு. கீழ ஆறு. அப்ப என் போன் அடிக்குது.

ஒரு பொண்ணு குரல். நாச்சிமுத்துங்கறவரு உங்களுக்கு என்ன வேணுமுங்கன்னு கேக்குது. நாச்சிமுத்துவா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா, ராங் நம்பர்னு வெச்சுட்டேன். அப்படித்தானுங்க சொல்லுவோம்? நீங்களா இருந்தாலும் அதத்தான சொல்லுவீங்க?

கா மணி நேரங் கழிச்சு மறுபடி. 'சார் வெச்சராதீங்க, அவரு இந்த நம்பரத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாரு, ஆஸ்பத்திரில இருந்து...' அந்தப் பொண்ணு முடிக்கறதுக்குள்ள நான் சத்தம் போட்டுட்டேன். ஒருக்கா சொன்னாப் புரியாதாம்மா, நாச்சிமுத்துவும் தெரியாது நல்லமுத்துவும் தெரியாது, இங்க ஒரு ஆளு உசுருக்குத் தொங்கிட்டு இருக்கறான், நீ வேறன்னு. அப்படியேதானுங்க சொன்னேன். பாய் சிரிச்சாரு. நான் போன ஊமையாக்கி சட்டைப் பையில போட்டுட்டேன்.

ஜோஸ்பின் டீச்சர் இந்தச் செவப்புப் பகடையக் கையில மூடி, ஊதி, உருட்டுனாங்க. பத்தொம்போது. வேங்கையன் மேல ஏறி வந்துட்டாரு. கரண்டியெடுத்து அண்டாவத் தட்டித் தட்டி கத்துனோம். கீழ டீக்கடைக்காரரு என்னாச்சோன்னு ஏறி வந்துட்டாரு. அடுத்த வாரம் அவரு வந்ததும் மொதல்ல இதச் சொல்லணும்னு டீச்சர் சொன்னாங்க.

அடுத்த வாரமும் வரல. அப்பத்தான் தேடணும்னு தோணுச்சு. தேடணும்னா எங்கங்க? எங்களுக்கு அவர எவ்வளவோ தெரியும், ஆனா வீடு எங்கன்னு தெரியல. குடும்பஸ்தருன்னு பாய் சொல்றாரு, ஒரு பொண்ணு இருக்குதல்லன்னு கேக்கறாரு. டீச்சர்தான் மெதுவா, பாய், அது வேங்கையனோட பொண்ணுன்னாங்க. அதத்தானம்மா நானும் சொல்றேன்னாரு பாய். போலீஸ்ல சொல்லலாம்னா ஆளு பேரு என்னம்பாங்க. வேங்கையன்னா சொல்றது? வந்துருவாருன்னு கெளம்பிட்டோம்.

அப்பறம் ஒரு புதன்கெழமை, கம்பெனி வாசல்ல நிக்கறேன். புது நம்பர். ஒரு பெரியம்மா குரல். 'ஏனுங்க தம்பி, நான் கருவேலம்பாளையத்துல இருந்து மயிலாத்தா பேசறேனுங்க. நாச்சிமுத்துவோட அக்கா. என் தம்பி ஞாயித்துக்கெழமைன்னா உங்க கூடத்தான் வெளையாட வருவானாமா. நோட்டு பூரா உங்க நம்பரத்தான் எழுதி வெச்சிருக்கறான், கதைக்காரருன்னு.'

எனக்கு அந்தப் பேரு காதுல விழுந்ததும் முதுகுல தண்ணி ஊத்துன மாதிரி ஆயிருச்சுங்ணா. அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்து பேசுன பொண்ணோட குரலும் கூடவே கேக்குது.

அக்காதான் எல்லாஞ் சொன்னாங்க. அவரு ஒரு எடை மேடையில வேலை பாத்தவராம். லாரி ஏறும், எடையப் பாத்துச் சீட்டு எழுதிக் குடுக்கணும், அதுதான் வேலை. கல்யாணம் ஆகல. தனி ரூம்பு. அன்னிக்கு மூணு மணி ஆட்டத்துக்கு வண்டியில கெளம்பி வந்திருக்கறாரு. வர்ற வழியில விழுந்துட்டாரு. போன் நொறுங்கிப் போச்சு. லைசென்சுல இருந்த விலாசம் பழைய வீடு. கூட யாருப்பா இருக்கறாங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டதுக்கு, ஒரு நம்பர மனப்பாடமாச் சொன்னாராம். பேரென்னன்னா பேரு தெரியாதுங்க, கதைக்காரர்னு கேளுங்க, வந்துருவாருன்னாராம். தலையில அடிபட்டதுல என்னமோ ஒளர்றாருன்னு நெனச்சுட்டு நர்சம்மா அத என்கிட்டயும் சொல்லல, அக்காகிட்டயும் சொல்லல, பின்னால நான் போயிக் கேட்டப்பத்தான் சொன்னாங்க. சொல்லியிருந்தா வந்திருப்பேனுங்ணா. கதைக்காரன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய எடுத்துட்டுப் பறந்திருப்பேன். திங்கக்கெழமை காத்தால வரைக்கும் நெனவு இருந்திருக்குது. கதவு தெறக்கறப்பெல்லாம் பாத்துட்டே இருந்தாராம்.

அக்காவுக்கு ஊர் மணியக்காரர் மூலமாத் தகவல் போயி, அவங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு.

'உசுரு போற நேரத்துல எவனுக்கோ போன் போடச் சொல்லியிருக்கறான் தம்பி. அந்தப் பாவி தெரியாதுன்னுட்டானாம், நர்சம்மாவத் திட்டுனானாம். நம்பர் எழுதுன சீட்டும் போயிருச்சு. யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா தம்பி?'ன்னு கேட்டாங்க.

தெரியாதுங்க்கான்னு சொன்னேன்.

'ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாமப் போயிட்டான் என் தம்பி. அவன் நல்லா இருப்பானுங்களா?'ன்னாங்க. இருக்க மாட்டானுங்க்கான்னு அதையும் நானே சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

பாய்கிட்டயும் டீச்சர்கிட்டயும் செத்துப் போயிட்டாருங்கறத மட்டுந்தான் சொன்னேன். பாய் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல அண்டா வெச்சு, வந்தவங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாரு. போன் வந்தப்ப டீச்சர் எனக்கு எதுர்லதானுங்க உக்காந்திருந்தாங்க. கபடில யாரு கோட்டத் தொட்டாங்க, யாரு தொடலன்னு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு. பேரு என்னன்னீங்கன்னு கேட்டாங்க. நாச்சிமுத்துன்னேன். என்னய ஒரு பார்வ பாத்தாங்க. அதுக்கப்பறம் குடோனுக்கு வர்றதில்ல. ஆட்டம் நின்னு போச்சு. வேங்கையன் மட்டும் அந்தப் பாலத்துக்கு இக்கட்டத்தால, இந்தப் பக்கமா, நின்னுக்கிட்டு இருக்கறாரு, உசுரோட. அவர என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.

இப்பெல்லாம் எந்தப் புது நம்பர் வந்தாலும் மொத மணியிலயே எடுத்துருவேன். யாரு பேரச் சொன்னாலும் தெரியுமுங்க, என் ஆளுதான், எங்க இருக்கறாருங்கன்னு கேப்பேன். போன மாசம் ஒரு கூரியர்க்காரரு, குமாரசாமிங்களான்னு கேட்டாரு. ஆமாங்க, எனக்கு வேண்டப்பட்டவரு, எங்க வரணும்னு கேட்டுட்டு, லீவு சொல்லிட்டு சிங்காநல்லூருக்கே போயிட்டேன். அந்தக் குமாரசாமி கதவத் தெறந்து, யாருங்க நீங்கன்னாரு. நல்லா இருக்கறீங்களான்னு கேட்டேன். நல்லா இருக்கறேனுங்கன்னாரு. திரும்பி வந்துட்டேன். என்னமோ அன்னிக்கு ராத்திரி மட்டும் தூக்கம் வந்துச்சு. என் வீட்டுக்காரி டாக்டர்கிட்டப் போலாம்கறா. அவகிட்டயும் சொல்லல.

மொதமொதல்ல உங்ககிட்டத்தானுங்ணா சொல்லியிருக்கறேன். நீங்க யாரோ, நான் யாரோ, அதனால வந்துருச்சு.

ஆனா அந்தக் காலேஜ் பொண்ணு சொன்னது பொய்யில்லீங்க. நாங்க அந்த வகை ஆளுங்க இல்ல. மனுசன் வாசமே தெரியாம மூலையில கெடக்கற ஆளுங்க வேற. பத்துக்குப் பத்து சும்மாவா போட்டோம்? அவருக்கு இருட்டுன்னா பயம், அதனாலயேதான் இருட்டுல மொதல்ல போவாரு. அது எனக்குத் தெரியும். அவங்கக்காவுக்கே தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும். போன்ல சொன்னப்ப அழுதாங்க. சின்ன வயசுல இருந்தே இருட்டுல மொதல்ல போவானுங்க தம்பி, பயத்துலதான்னு இப்பத்தான் தெரியுதுன்னாங்க. நேர்ல வாங்க, அவனப் பத்தி நீங்க பேசிக் கேக்கணும், நாலு வருசம் அவன் எப்படி இருந்தான், சிரிச்சானா, எல்லாத்தையும் சொல்லுங்கன்னாங்க. மெயின் ரோட்டுல ஊருக்குப் பிரியற பிரிவுல வந்து நிக்கறேன், ஊருக்குள்ள பஸ்ஸு வராது, நீங்க வழி தெரியாம அலையக் கூடாதுன்னாங்க. பேரென்னங்க தம்பின்னு கேட்டாங்க. கதைக்காரன்னே கூப்புடுங்க்கான்னுட்டேன்.

இந்தப் பகடையையும் குடுக்கணும். அந்தப் பாவி நாந்தானுங்கறதையும் சொல்லணும். அவங்க செருப்பக் கழட்டி அடிச்சாலும் பரவால்ல. அடிச்சாங்கன்னா நல்லதுதானுங்ணா. நேத்து ராத்திரியே கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்துட்டேன். மூணே வார்த்ததான்.

உடுமலை தாண்டிருச்சுங்களா? கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் வந்துருச்சே. அப்ப அடுத்தது பிரிவுதான்.

என்னங்க கண்டக்டர்? ஆமாங்க, தெரியுதுங்க. டிக்கெட் பிரிவு வரைக்குந்தான் வாங்கியிருக்கறேன். இல்லீங்க, இறங்கல. போன வாரம் மாதிரியே பழனிக்குப் போட்டுருங்க. இந்தாங்க.

அப்படிப் பாக்காதீங்ணா. ஆறாவது வாரமுங்க இது. வர்றேன்னு சனிக்கெழமை சொல்லுவேன். கொழந்தைக்குக் காய்ச்சலுங்க்கான்னு ஞாயித்துக்கெழமை சாயந்தரம் சொல்லுவேன். பரவால்லீங்க தம்பி, கொழந்தையப் பாருங்க, அடுத்த வாரம் வாங்கம்பாங்க.

வண்டி நிக்குது. உங்களுக்குத்தான் ஜன்னல் பக்கம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்ணா, நான் குனிஞ்சுக்கறேன். வேப்பமரத்துக்கிட்ட ஒரு அம்மா கொடையோட நிக்கறாங்களா? நிக்கறாங்களா. இறங்கறவங்க மொகத்த ஒண்ணொண்ணாப் பாப்பாங்க. என்னய அவங்க பாத்ததில்லீங்ணா. எத்தன பேரு இறங்குனாங்க? ரண்டா. அந்தம்மா போயிட்டாங்களா?

இக்கட்டத்தான் வர்றாங்களா? நம்ம ஜன்னலுக்கா? என்ன கேக்கறாங்க? கதைக்காரர்னு கோயமுத்தூர்ல இருந்து யாராச்சும் இருக்கறாங்களான்னா?

அப்படி யாரும் இந்த வண்டியில இல்லைன்னு சொல்லிருங்ணா.